குழந்தைராஜ் வைத்த பூஸ்டர்

ஒருவரைத் தெரியும் என்று சொல்கிறோமே, எதை வைத்துச் சொல்கிறோம்? முகம் பழகியிருக்கும். எதற்குச் சிரிப்பார், எதற்கு முகம் சுளிப்பார் என்று ஓரளவு கணக்கு இருக்கும். இவர் இதைச் செய்யமாட்டார் என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்கு போதுமா? குழந்தைராஜின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில் போய்த்தான் நிற்கிறேன். அவரைத் தெரியும் என்று சொன்னவர்கள் பல பேர். நானும் அதில் ஒருவன்.

திருவிடைமருதூரிலிருந்து ஆடுதுறை போகிற சாலையில் அவர் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது, அதாவது கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது, தொழில். பெயர்ப்பலகையில் செபஸ்தியார் எலக்ட்ரிகல்ஸ் என்று எழுதியிருக்கிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழந்தை கடை என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கடைக்குள் நுழையும் முன்பே வார்னிஷ் வாடை வந்துவிடும். செம்புக் கம்பி சுற்றிய சுருள்கள், கருகிய சுருள்கள், உடைத்துப் போட்ட மோட்டார் ஓடுகள் எல்லாம் நடக்க இடமில்லாமல் கிடக்கும்.

அவரைப் பெரிய தொழில்காரர் என்று சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சொன்ன நாளில் மோட்டார் கிடைக்காது. கேட்டால் வெயில் போதவில்லை, வார்னிஷ் காயவில்லை என்பார். போன் எடுக்கமாட்டார். ஆனால் அவர் கட்டிக் கொடுத்த மோட்டார் சீக்கிரத்தில் திரும்பி வராது. இதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

அவர் மனைவி சவரியம்மாள் நாகப்பட்டினத்துக்காரர். கடைக்குப் பின்னால்தான் வீடு. கடையில் நடக்கிற பேச்சு முழுக்க அவர் காதில் விழும். அடுப்படியிலிருந்தே பதிலும் சொல்வார். இங்கே நான் எழுதுவதில் நேரில் பார்க்காததெல்லாம் அவரும் பிறரும் சொல்லிக் கேட்டது.

குழந்தைராஜுக்கு மிக வேண்டியவர் என்றால் அது ரெத்தினம்தான். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலின் கடைமடையில் அவர் ஊர். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. ரெத்தினத்தின் அப்பா அந்த ஊரில் பிறர் வயலில் நாற்று பறித்தவர். ரெத்தினம் குத்தகைக்கு எடுத்து, பிறகு கொஞ்சம் சொந்தமாகவும் வாங்கி, பில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க்கிணறு போட்டுக் குறுவை செய்கிறவர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று எவனும் சொல்ல முடியாது. அதனால் அங்கே குறுவை என்பது முழுக்க மோட்டாரை நம்பியது. ரெத்தினம் முதல் முதலாகப் போர் போட்டபோது, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய மோட்டார் ஒன்றைச் சரிசெய்து கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தவர் குழந்தைராஜ். அன்றிலிருந்து இவர் அவருக்குத் தம்பி, அவர் இவருக்கு அண்ணன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காயில் கட்டிய மோட்டார் முதலில் தண்ணீர் இறைக்கும்போது, கட்டியவர் அந்த முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது வாய்க்காலில் ஓட வேண்டும். ரெத்தினம் இதில் கண்டிப்பு. குழந்தைராஜ் வரும்வரை மோட்டாரைப் போடமாட்டார். "நீ குடிச்சாத்தான்டா என் பயிரு குடிக்கும்" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது அவ்வளவு நல்லதில்லை. மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்டு வேண்டும். ஒரு பேஸில் கரண்டு விழுந்தால் மோட்டார் சூடாகி எரியும். எரியாமல் உடனே நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பிரிவென்டர் என்பார்கள். கடைமடை லைனில் கரண்டு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெட்டி சும்மா சும்மா மோட்டாரை நிறுத்திவிடும். வரப்பு வரப்பாக நடந்துபோய் மறுபடி போட வேண்டும். அதனால் பெட்டியைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுக்கச் சொல்வார்கள். முதலில் அப்படிக் கேட்டவர் ரெத்தினம். குழந்தைராஜ் மாட்டேன் என்றார்.

"நீ என்னடா, டாக்டர் மாதிரி பத்தியம் சொல்ற. எனக்கு முட்டி வலி. நாலு தடவை நடந்தா நானே நின்னுடுவேன்."

"மோட்டார் நின்னா மறுபடி போட்டுக்கலாம்ணே. எரிஞ்சா?"

"எரிஞ்சா உன்கிட்டதான் வருவேன். வேற எங்க போவேன்?"

கழற்றிக் கொடுத்தார். ரெத்தினத்துக்குச் செய்த பிறகு மற்றவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியவில்லை. அந்த லைனில் உள்ள ஸ்டார்ட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக டைரக்ட் ஆனது.

இனி தியாகராசன். குழந்தைராஜோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். திருவிடைமருதூரில் வேன் வைத்துக் கோயில் சுற்றுலா நடத்துகிறவர். ரெத்தினத்தின் ஊரில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் லாட்ஜில் தங்க விரும்புவதில்லை, தனியாகத் தோப்பு துரவு பக்கம் தங்கத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றினார். உள்ளே கட்டில், கக்கூஸ், சின்ன சமையல் மேடை, பிரிட்ஜ், இரண்டு ஏசி. வண்டி தெருவில் வந்தால் ஷூட்டிங்கா என்று கேட்டுப் பிள்ளைகள் பின்னால் ஓடின. ஓட்டுநர் அஸார் கொஞ்ச நாளைக்குப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆமாம், ஹீரோ தூங்குறாரு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வண்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆனதும் ஏசி ஓடவில்லை. எந்த ஊரில் நிறுத்தினாலும் வோல்டேஜ் இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபதில் நின்றது. ஏசி ஒரு முனகு முனகிவிட்டு அடங்கியது. வந்தவர்கள் போனில் கண்டபடி எழுதிவிட்டுப் போனார்கள். தியாகராசன் குழந்தைராஜிடம் வந்தார்.

"வோல்டேஜை ஏத்தித் தர்ற மாதிரி ஒன்னு செஞ்சு வண்டிக்குள்ளயே வச்சுடு. முடியுமா முடியாதா?"

"முடியும். பூஸ்டர் கட்டித் தரேன். ஆனா எங்க சொருகப் போற, அதைச் சொல்லு."

"எங்க எடம் கிடைக்குதோ அங்க. கோயில் பார்க்கிங், லாட்ஜ், மண்டபம்."

"டவுன் லைன்னா சரி. வயக்காட்டு மோட்டார் ஓடுற வெளி லைன்ல மட்டும் சொருகாத. பூஸ்டர் கரண்டை உண்டாக்காது தியாகு. லைன்ல இருக்கிறதைக் கூடுதலா இழுத்துத்தான் உனக்குக் குடுக்கும். மேல்மடைக்காரன் மடையை அகலமா வெட்டிக்கிட்ட மாதிரி. அவன் வயல் நிறையும். கீழ இருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"தோப்புல போடணும்னா தனி டிரான்ஸ்பார்மர் வாங்கிட்டுத்தான் போடுவேன். எழுதிக் குடுத்தாச்சு. சாங்ஷனும் ஆயிடுச்சு. போதுமா?"

"நிஜமா?"

"யாரு மேல சத்தியம் பண்ணட்டும்? மகாலிங்கசாமி மேலயா, உங்க மாதா மேலயா?"

"சாமியெல்லாம் வேணாம். நீ சொன்னாப் போதும்."

அஸார் அப்போது கடை வாசலில் வண்டிக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றார். அடுப்படியிலிருந்து சவரியம்மாள், "சத்தியம் பண்றேங்கிறவங்ககிட்ட வாங்கி வச்சுக்கணும். நாளைக்கு மாற மாட்டாங்க" என்றார். மூன்று ஆண்களும் சிரித்தார்கள்.

பூஸ்டர் கட்டுவது மோட்டாருக்குக் கட்டுவதைவிட எளிது என்பார் குழந்தைராஜ். ஓடுகிற பாகம் ஒன்றும் கிடையாது. இரும்புத் தகடுகளை அடுக்கி, அதில் கணக்காகச் செம்புக் கம்பியைச் சுற்றினால் போதும். இருந்தாலும் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் பார்த்தேன். கனமான கம்பியாகத் தேடி வாங்கினார். ஏசி கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும், அதைத் தாங்க வேண்டும். சுற்றி முடித்து வார்னிஷில் முக்கி வெயிலில் வைத்தார். வண்டிக்குள் கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு, உறுமல் மேலே கேட்காமலிருக்க அதன் மேல் ரப்பர் விரித்து, நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறக்கினார். வண்டி குலுங்கும், சும்மா வைத்தால் பெயர்ந்துவிடும் என்றார். சூடு வெளியேற வண்டியின் பக்கத் தகட்டில் துளைகள் போட்டுச் சல்லடை அடித்தார். வெளியிலிருந்து கரண்டு வரும் ஒயரை விரல் பருமனுக்கு மாற்றினார். வோல்டேஜ் சரியாக இருக்கும் ஊரில் பூஸ்டரை ஒதுக்கிவிடத் தனியாக ஒரு கைப்பிடிச் சுவிட்ச் வைத்தார். அதை அஸாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

"மீட்டர்ல இருநூறுக்கு மேல காட்டினா இதைக் கீழ தள்ளிடுங்க. மறந்தீங்கன்னா உள்ள இருக்கிற சாமான் அத்தனையும் புகைஞ்சிடும்."

"மறந்தா என்னையும் சேர்த்துத்தானே புகைய வைப்பாரு மொதலாளி" என்றார் அஸார்.

கடைக் கரண்டில் சொருகிப் பார்த்தார்கள். மீட்டர் நூற்று எழுபத்தைந்திலிருந்து இருநூற்று இருபதுக்கு ஏறியது. ஏசி ஒரு தடவை குலுங்கிக் கிளம்பியது. தியாகராசன் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊட்டிடா என்றார். குழந்தைராஜ் பூஸ்டரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தபடி குந்தியிருந்தார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை.

அந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை. நட்ட பயிர் மோட்டார் தண்ணீரில் நின்றது. முதலில் பரிதி என்பவரின் மோட்டார் எரிந்தது. பி.ஏ. படித்துவிட்டு விவசாயத்துக்கு வந்த வாலிபர், நாக்கு நீளம். அவர் மோட்டாரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ரெத்தினத்தின் மோட்டார் வந்தது. அதைக் கட்டி, போய் முதல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே மோட்டார் திரும்ப வந்தது.

தன் கையால் கட்டியது திரும்பி வந்ததில் குழந்தைராஜுக்கு முகம் செத்துப்போயிற்று. பிரித்துப் பார்த்தார். மூன்று வரிசைச் சுருளில் ஒரே வரிசை மட்டும் கரியாகியிருந்தது. பரிதியின் மோட்டாரிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு பேஸில் ஏதோ பெரிதாக இழுக்கிறது என்று புரிந்துகொண்டார். சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், லைன் போகிற வழியே வரப்பில் நடந்தார். ஒவ்வொரு மோட்டார் கொட்டகையிலும் அளந்து பார்த்தார். கிழக்கே போகப்போக ஒரு பேஸ் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. லைன் தென்னந்தோப்பில் முடிந்தது.

தோப்பில் கேரவன் நின்றது. வெளியே சரவிளக்கு கட்டியிருந்தார்கள். பிரம்பு நாற்காலியில் யாரோ சென்னைக் குடும்பம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இரண்டு ஏசியும் ஓடின. வெந்நீர் போடுகிற இயந்திரமும் கரண்டு அடுப்பும் அதிலேயே ஓடின. ஒயர் தியாகராசனின் மோட்டார் கொட்டகைக்குள் போய், மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் சேர்ந்திருந்தது. தனி டிரான்ஸ்பார்மர் எதுவும் இல்லை. ரப்பர் போட்டும் கேட்டது, தாம் கட்டிய பூஸ்டரின் உறுமல். நின்று கேட்டேன் என்று சவரியம்மாளிடம் சொல்லியிருக்கிறார்.

தியாகராசன் தோளில் கைபோட்டு அவரைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"மெதுவாப் பேசு, கெஸ்ட் இருக்காங்க."

"வெளி லைன்ல சொருகமாட்டேன்னு சொன்ன."

"டிரான்ஸ்பார்மர் வந்துகிட்டே இருக்குடா. ஒரு சீசன்தான். ஆளுங்க முன்பதிவு பண்ணிட்டாங்க, நான் என்ன பண்ண?"

"மோட்டாரெல்லாம் எரியுது தியாகு. நடவு பயிரு."

"எரிஞ்சா உனக்குத்தானே வேலை. ஏன் மூஞ்சைத் தூக்கி வச்சுக்கற?" சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார். "ஞாயித்துக்கிழமை இவங்க கிளம்பிடுவாங்க. அன்னிக்கே எடுத்துடறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லிடாத. ஊரே திரண்டு வந்துடும்."

அங்கேயே ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். வண்டிக்குள் அவர்களுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். அது காரணமா, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பது காரணமா, எனக்குத் தெரியாது. சொல்லாமல் வந்துவிட்டார். ரெத்தினத்தின் மோட்டாரை மறுபடி கட்டிக் கொடுத்தபோது, "ஞாயிறு வரைக்கும் ஓட்டாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"ஏன்டா?"

"லைன் சரியில்ல."

"பயிரு வெடிச்சுப் போயிக் கெடக்கு. ஞாயிறு வரைக்கும் நான் அதுக்கு என்ன எச்சிலா துப்புறது?"

ரெத்தினம் ஓட்டினார். தம்பியைக் கூப்பிட்டு முதல் தண்ணீர் கொடுக்கக்கூட நேரமில்லை. மூன்றாம் தடவை எரிந்த மோட்டார் ஓடோடு விரிசல் விட்டது. பயிர் போயிற்று. அதே வாரத்தில் இன்னும் சிலருடையதும் போயிற்று. ஞாயிறு வந்தது, போனது. வண்டி நகரவில்லை.

பரிதிதான் லைன்மேனைக் கூட்டிவந்து கம்பம் கம்பமாகப் பார்க்க வைத்தது. தோப்பு வாசலில் ஊர் கூடிவிட்டது. தியாகராசன் குழந்தைராஜுக்குப் போன் போட்டு, வா, கொஞ்சம் எடுத்துச் சொல்லு என்றாராம். தனக்காகப் பரிந்து பேசத் தியாகு கூப்பிடுகிறான் என்று நினைத்துத்தான் இவர் போனார்.

போனதும் தியாகராசன் ஊரைப் பார்த்துச் சொன்னார்: "நான் வேன் ஓட்டறவன். கரண்டைப் பத்தி என்ன கண்டேன்? வண்டியில அந்த வேலை முழுக்க இவரு பண்ணினது. எங்க வேணா சொருகலாம், யாருக்கும் ஒன்னும் ஆகாதுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. கேட்டுக்குங்க."

குழந்தைராஜ் அவரையே பார்த்தார். "நான் கேட்டேன்ல தியாகு. எங்க சொருகப் போறன்னு கேட்டேன்ல."

"என்ன கேட்டீங்க? நீங்க பெரிய தொழில்காரரு. நீங்க சொன்னதை நாங்க செஞ்சோம்."

அஸார் வண்டிக் கதவருகே நின்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

பரிதிதான் ஆரம்பித்தார். "மோட்டார் எரிஞ்சா காயில் கட்ட யாருகிட்ட வரணும்? நல்லா இருக்கே யாவாரம். பாம்பும் அவரே, வைத்தியரும் அவரே."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகு கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்னொருவர் ஸ்டார்ட்டரைப் பிடித்துக்கொண்டார். பிரிவென்டர் இருந்திருந்தால் மோட்டார் நின்றிருக்கும், எரிந்திருக்காது, அத்தனை ஸ்டார்ட்டரிலும் அதைக் கழற்றி வைத்தது யார், எதற்குக் கழற்றினார் என்று கேட்டார்.

குழந்தைராஜ் ரெத்தினத்தைப் பார்த்தார். ரெத்தினம் முன்வரிசையிலேயே நின்றார், பக்கத்தில் அவர் மனைவி ரெங்கம்மாள். கழற்றச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரெத்தினம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

"ஞாயிறு வரைக்கும் ஓட்டாதீங்கன்னு சொன்னீங்களே. அப்ப தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

அதுவரை அவர் இவரை நீங்க என்று கூப்பிட்டதில்லை.

குழந்தைராஜ், "பூஸ்டர் நான் வச்சதுதான்" என்றார். வேறு எதற்கும் பதில் சொல்லவில்லை. வண்டிக்குள் ஏறி, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, தாம் போட்ட போல்டுகளைத் தாமே கழற்றினார். தனியாளாகத் தூக்க முடியாது. யாரும் கைகொடுக்கவில்லை. பலகையோடு இழுத்துக் கீழே தள்ளினார். அது வண்டிப் படியில் மோதித் தரையில் விழுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து ஒரு மோட்டார் வரவில்லை. ஆடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் கொண்டுபோனார்கள். பூசைக்குப் போனபோது மாதா கோயிலில்கூட ஒருவர், "என்ன குழந்தை, இந்த வாரம் எத்தனை எரிச்ச?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான். மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார். சவரியம்மாள் விடவில்லை.

"போய்ச் சொல்லுங்க. ரெத்தினம் அண்ணன் வீட்டுல போயி உக்காந்து, கழட்டச் சொன்னது நீங்கதானேன்னு கேளுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கறாரு?"

"அதான்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

நம்மைப் பற்றி ஒரு பொய் சொல்லப்படும்போது அதை மறுப்பது கடமை என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். மறுக்காமல் இருப்பதே மேல் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் படித்திருக்கிறேன். குழந்தைராஜ் இரண்டையும் படித்தவரில்லை. அவர் பேசாமலிருந்தது தத்துவத்தால் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு ஆளுக்குத் தன்னைத் தெரியும் என்று இத்தனை வருடம் நம்பிவிட்டு, அவரிடம் போய் நான் இப்படிப்பட்டவன் என்று தன்னையே அறிமுகம் செய்வது முடியாத காரியமாக இருந்திருக்கலாம். இதுவும் என் ஊகம்தான்.

உண்மை அடுத்த வருடம் தானாக வெளியே வந்தது. கேரவனை நாகப்பட்டினத்தில் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, தியாகராசன் மறுபடி கோயில் வேனுக்கே திரும்பிவிட்டார். அஸார் அவரிடம் வேலையை விட்டுவிட்டுத் திருப்பனந்தாளில் சொந்தமாக ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் அந்தப் பேச்சு வந்தபோது, பூஸ்டர் கட்டும் முன்பே குழந்தைராஜ் என்ன கேட்டார், மொதலாளி என்ன பதில் சொன்னார் என்று வரி வரியாகச் சொல்லிவிட்டார். அப்ப ஏன்யா வாயைத் திறக்கல என்று கேட்டதற்கு, "அப்ப சம்பளம் வாங்கினேன்" என்றாராம்.

செய்தி ஊருக்குள் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தவர் பரிதி. மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "பாம்புன்னு சொன்னவன் வந்திருக்கேன், கடிங்க" என்றார். குழந்தைராஜ் சிரித்துவிட்டு மோட்டாரை உள்ளே தூக்கிப் போனார். ஒவ்வொருவராக வந்தார்கள். யாரையும் அவர் எதுவும் கேட்கவில்லை. மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் மாட்டினால்தான் பொறுப்பு என்று சொன்னார். சரி என்றார்கள். போய் மாட்டவும் செய்தார்.

குறுவை தொடங்குகிற சமயம். ஒரு காலையில் நான் ரிப்பேருக்குக் கொடுத்த மின்விசிறியை வாங்கப் போயிருந்தேன். அது தயாராகவில்லை என்று சொல்லத் தேவையில்லை. மேசை மேல் ஒரு பெரிய மோட்டாரின் உள்பாகத்தை வைத்துக் கம்பி செலுத்திக்கொண்டிருந்தார். சவரியம்மாள் முகம் சரியில்லை.

"யாரு மோட்டார் தெரியுமா? கேளுங்க. தோப்புக்காரரோடது. நேத்து அவரே கொண்டாந்து எறக்கிட்டு, கட்டித் தர்றியான்னாரு. இவரு வச்சுட்டுப் போங்கிறாரு. வேற வார்த்தை இல்ல. அவரு மூஞ்சில துப்ப வேணாம், ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

குழந்தைராஜ் தலை நிமிரவில்லை. "எரிஞ்ச மோட்டார். கட்டணும்" என்றார்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரெத்தினமும் ரெங்கம்மாளும் இறங்கினார்கள். ஆட்டோவின் பின்பக்கம் சாக்கில் சுற்றிய மோட்டார் தெரிந்தது. ஊரில் எல்லோரும் வந்து போன பிறகு கடைசியாக வந்திருக்கிறார்கள். ரெத்தினம் இளைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

குழந்தைராஜ் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, வாங்கண்ணி" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். சவரியம்மாளிடம் டீ போடச் சொன்னார். அவர்கள் மகள் செம்மொழி நர்சிங் முடித்துவிட்டாளா என்று கேட்டார். முடித்துத் தஞ்சாவூரில் வேலைக்குப் போகிறாள் என்றார் ரெங்கம்மாள். முட்டி வலி எப்படி என்று கேட்டார். டீ வந்தது.

ரெத்தினம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி" என்றார். "அன்னிக்கு ஸ்டார்ட்டர் விஷயத்துல நான் வாயைத் திறந்திருக்கணும். பயிரு போன வயித்தெரிச்சல். எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. வாய் வரல. உன்னைப் போய் அப்படிக் கேட்டுட்டேன்."

"பரவால்லண்ணே. டீ ஆறுது, குடிங்க."

ரெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெத்தினம் ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, லேசாகிப்போனவர் மாதிரி எழுந்தார். மேசை மேல் இருந்த மோட்டார் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் கழற்றி வைத்த அதன் ஓட்டில் தியாகராசன் பெயர் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. அதைப் பார்த்தார்.

"அப்ப மோட்டாரை எறக்கிடட்டுமா?"

குழந்தைராஜ் ஆட்டோ வரைக்கும் கூடவே போனார். சாக்கை விலக்கி மோட்டாரைப் பார்த்தார். நன்றாக எரிந்திருந்தது. சாக்கை மறுபடி இழுத்து மூடினார்.

"கும்பகோணத்துல பாலக்கரைகிட்ட மீரா உசேன்னு ஒருத்தர் இருக்காருண்ணே. நல்லாக் கட்டுவாரு. சொன்ன தேதிக்குக் குடுத்துடுவாரு. அங்க கொண்டு போங்க."

"நீ கட்டமாட்டியா?"

"அவரு நல்லாக் கட்டுவாரு" என்றார் மறுபடி. குரலில் கோபம் இல்லை. ஆட்டோக்காரரிடம் பாலக்கரைக்கு எந்த வழியாகப் போனால் நெரிசல் இருக்காது என்று சொன்னார். ரெத்தினம் ஏறி உட்காரும்வரை நின்றார். ரெங்கம்மாளின் புடவைத் தலைப்பு வெளியே தொங்கியதை எடுத்து உள்ளே விடச் சொன்னார்.

உள்ளே வந்து மேசையருகே உட்கார்ந்தார். சவரியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தியாகராசனின் மோட்டாரைத் தம் பக்கம் திருப்பி, விட்ட இடத்திலிருந்து கம்பியைச் செலுத்தத் தொடங்கினார்.